மருத்துவக் குறிப்பில் ஏ.ஐ.: வாங்கும் முன் நம் பேச்சில் சோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

‘ஏ.ஐ. எழுத்தர்’ என்ற மென்பொருள் இப்போது கிளினிக்குகளுக்கும் தனியார் மருத்துவமனைகளுக்கும் விற்பனைக்கு வருகிறது. மருத்துவரும் நோயாளியும் பேசுவதை மேசையில் இருக்கும் மைக் கேட்கும். பேச்சு முடிந்த சிறிது நேரத்தில் ஆங்கிலத்தில் ஒழுங்கான குறிப்பு திரையில் வந்து நிற்கும். மருத்துவர் படித்து, திருத்தி, ஒப்புதல் கொடுத்தால் அது மின்னியல் பதிவேட்டில் சேர்ந்துவிடும். இதைப் பற்றி வரும் செய்திகள் ‘மருத்துவர் இனி தட்டச்சு செய்ய வேண்டியதில்லை’ என்பதோடு நின்றுவிடுகின்றன. அதற்கு அடுத்து நடப்பதைச் சொல்லவே இக்கடிதம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசும் நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்காத எழுத்தரை பினாங்கிலோ கோலாலம்பூரிலோ எந்த கிளினிக்கும் வாங்கக் கூடாது. வாங்கியவர்களும், படித்துத் திருத்துவதற்கென்று நேரம் ஒதுக்காமல் அதைப் பயன்படுத்தக் கூடாது.

தொழில்நுட்பத்தின் மேல் எங்களுக்குக் கோபம் எதுவும் இல்லை. செலாயாங் மருத்துவமனை 1999-இல் காகிதமில்லா மருத்துவமனையாகத் திறக்கப்பட்டது. அன்று முதல் இந்நாட்டில் காகிதம் குறைந்துகொண்டுதான் வருகிறது. எழுத்து வேலை குறையவில்லை. மருத்துவர் நோயாளியோடு செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கணினிக்கும் மேசை வேலைக்கும் போகிறது என்று 2016-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு கணக்கிட்டது. அந்தச் சுமையைக் குறைக்க மருத்துவர்கள் கண்டுபிடித்த குறுக்கு வழி, நேற்றைய குறிப்பை நகலெடுத்து இன்றைக்கு ஒட்டுவது. சான்பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக மருத்துவமனையின் குறிப்புகளை எழுத்தெழுத்தாக அலசி 2017-இல் வெளியிட்டார்கள். 46 விழுக்காடு நகலெடுத்தது, 36 விழுக்காடு பதிவேட்டிலிருந்து தானாக வந்து விழுந்தது, கையால் தட்டியது 18 விழுக்காடு மட்டுமே. இதனால் வார்டில் என்ன நடக்கும் என்பது அங்கே வேலை செய்பவர்களுக்குத் தெரியும். சிறுநீர்க் குழாயை எடுத்து மூன்று நாளாகியிருக்கும். குறிப்பில் அது இன்னும் உள்ளே இருக்கும். அறுவை முடிந்து ஐந்தாம் நாளிலும் குறிப்பு ‘இரண்டாம் நாள்’ என்றே சொல்லும். ஆகவே கையால் எழுதிய குறிப்பு சுத்தம், இயந்திரம் எழுதியது அழுக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம்.

லாரன்ஸ் வீட் என்ற அமெரிக்க மருத்துவர் 1968-இல் வகுத்துக் கொடுத்த ஒழுங்கில்தான் இன்றும் பெரும்பாலான குறிப்புகள் எழுதப்படுகின்றன. நோயாளி சொன்னது முதலில், மருத்துவர் பரிசோதித்துக் கண்டது அடுத்து, அதிலிருந்து எடுத்த முடிவு, பிறகு செய்யப் போவது. இந்த நான்கில் முதலாவதையும் கடைசியையும் ஏ.ஐ. நன்றாகவே எழுதும், ஏனென்றால் அவை அறையில் வாய்விட்டுப் பேசப்படுகின்றன. இரண்டாவது பேசப்படுவதே இல்லை. மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைத்துக் கேட்கிறார், வயிற்றை அமுக்கிப் பார்க்கிறார், கணுக்காலில் விரலால் அழுத்தி வீக்கம் பார்க்கிறார். எல்லாம் மௌனமாக. மைக்குக்கு அங்கே எதுவும் கிடைக்காது. ஆனால் குறிப்பின் வார்ப்புருவில் ‘நுரையீரல்’, ‘இதயம்’, ‘வயிறு’ என்று கட்டங்கள் காலியாகக் காத்திருக்கும். நன்றாகச் செய்யப்பட்ட மென்பொருள் அவற்றைக் காலியாக விடும். மோசமானது ‘தெளிவாக உள்ளது’, ‘இயல்பு’ என்று நிரப்பிவிடும். பார்க்காத வயிறு பார்த்ததாகப் பதிவாகிவிடும். மருத்துவர் செய்ய வேண்டியது எளிது: பரிசோதிக்கும்போதே கண்டதை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். ‘வலது நுரையீரல் அடிப்பகுதியில் கிரெப்ஸ் கேட்கிறது, இடது தெளிவு’ என்று சொல்ல மூன்று வினாடி ஆகும் (கிரெப்ஸ் என்பது மூச்சில் கேட்கும் வெடிப்பொலி). நோயாளி பயந்துவிடுவார் என்று சிலர் தயங்குகிறார்கள். ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு உடனே தமிழிலோ மலாயிலோ விளக்கினால் பெரும்பாலும் அந்தப் பயம் இருக்காது.

நோயாளி இடத்தைச் சுட்டிக் காட்டுவதும் இப்படித்தான். ‘இங்கதான் டாக்டர் வலிக்குது’ என்று விரலை வைப்பார். மைக்குக்கு ‘இங்க’ என்பது மட்டும்தான் கிடைக்கும். இடதா வலதா என்று மருத்துவர் திருப்பிச் சொல்லாவிட்டால் குறிப்பில் பக்கமே இருக்காது, அல்லது ஊகித்த பக்கம் இருக்கும். தலையாட்டலும் அப்படியே. ‘மருந்து ஒழுங்கா சாப்பிடுறீங்களா?’ என்ற கேள்விக்கு நம் ஆட்கள் தலையை ஆட்டும் விதத்தை எதிரே இருக்கும் மனிதரே சில சமயம் தப்பாகப் புரிந்துகொள்கிறார். மைக்குக்குக் கேட்பதோ கேள்வியும் அதன் பின் ஓர் அமைதியும்தான்.

அந்த அமைதியே ஒரு தொல்லை. ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் விஸ்பர் என்ற, பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் பல மருத்துவ மென்பொருள்களின் அடியில் இருக்கிறது. அதை ஆராய்ந்து 2024-இல் வெளியிட்ட ஆய்வாளர்கள், சோதித்த ஒலித் துண்டுகளில் ஏறத்தாழ ஒரு விழுக்காட்டில், யாருமே பேசாத முழு வாக்கியங்களை அது தானாக எழுதியிருந்ததைக் கண்டார்கள். நீண்ட இடைவெளி விட்டுப் பேசுபவர்களின் பதிவுகளில் இது அதிகம். பக்கவாதத்துக்குப் பின் சொல் வராமல் தடுமாறுகிற நோயாளியை நினைத்துக்கொள்ளுங்கள். யாருடைய குறிப்பு மிகச் சரியாக இருக்க வேண்டுமோ அவருடைய குறிப்பில்தான் இட்டுக்கட்டல் வருவதற்கு வாய்ப்பு அதிகம்.

இனி நம் பேச்சுக்கு வருவோம். விற்பனையாளர் ‘தமிழ் ஆதரவு உண்டு’ என்பார். எந்தத் தமிழ் என்று கேளுங்கள். செய்தி வாசிப்புத் தமிழில் பழகிய மென்பொருளுக்கு, பட்டர்வொர்த் கிளினிக்கில் ஒரு பாட்டி சொல்லும் ‘ஊபாட் டாரா திங்கி ஒழுங்கா சாப்பிடுறேன் டாக்டர், இனிப்பு நீர் மருந்துதான் காலையில மட்டும், ராத்திரி போட்டா பெனிங்கா இருக்கு’ என்ற வாக்கியத்தைக் கொடுத்துப் பாருங்கள். ‘ஊபாட் டாரா திங்கி’ ரத்தக் கொதிப்பு மருந்து, ‘இனிப்பு நீர்’ நீரிழிவு, ‘பெனிங்’ தலைசுற்றல். ஒரே மூச்சில் இரண்டு நோய், இரண்டு மருந்து, ஒரு பக்கவிளைவு, ஒரு வேளை மருந்தை விட்டுவிட்ட செய்தி. நல்ல தாதிக்கு இது உடனே புரியும். மென்பொருள் மலாய்ச் சொற்களைத் தமிழ் ஒலியாக எண்ணி ஏதோ எழுதும், அல்லது மொத்த வாக்கியத்தையும் மலாய் என்று முடிவுகட்டித் தமிழ்ப் பகுதியை விழுங்கும். இரவு மருந்து எடுப்பதில்லை என்பது காணாமல் போனால், அடுத்த முறை ரத்தச் சர்க்கரை கூடியிருப்பதைப் பார்த்து மருத்துவர் மருந்தின் அளவை ஏற்றுவார். நோயாளி அன்று முதல் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழக்கூடும். 2019 தேசிய உடல்நல ஆய்வின்படி நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையே அது மிக அதிகம். இது ஏதோ ஓரிரு பேருக்கு நேரும் கோளாறு என்று ஒதுக்க முடியாது.

இலக்கணமும் கைகொடுக்காது. தமிழில் மறுப்பு கடைசியில் வருகிறது. ‘நெஞ்சு வலியெல்லாம் ஒண்ணும் இல்ல’ என்பதில் ‘இல்ல’ என்ற கடைசிச் சொல்லின் மேல் மருத்துவரின் அடுத்த கேள்வி ஏறி விழுந்தால், அல்லது மின்விசிறிச் சத்தத்தில் அது அமுங்கினால், குறிப்பில் நெஞ்சு வலி இருக்கும். ஆங்கிலத்தில் மறுப்பு முன்னால் வருவதால் இந்த ஆபத்து அந்த அளவுக்கு இல்லை. ஆங்கிலப் பேச்சில் மட்டும் சோதித்தவர்களுக்கு இது கண்ணில் பட்டே இருக்காது. மருத்துவர் ஒரு வினாடி பொறுத்து அடுத்த கேள்வி கேட்பதுதான் இதற்கு இருக்கும் மலிவான தீர்வு.

யாருக்கு என்பதை நாம் பல நேரம் சொல்வதே இல்லை. ‘போன வருஷம் அட்டாக் வந்துச்சு, ஐ.ஜே.என்.ல பைபாஸ் பண்ணாங்க’ என்று நோயாளி சொல்வார் (ஐ.ஜே.என். என்பது தேசிய இருதய மருத்துவமனை). இரண்டு வாக்கியத்துக்கு முன்னால் பேசியது அப்பாவைப் பற்றி. அறையில் இருப்பவர்களுக்குக் குழப்பமில்லை. ஆங்கில வாக்கியத்துக்கு எழுவாய் வேண்டும், ஆகவே மென்பொருள் ஓர் எழுவாயைப் போட்டாக வேண்டும். பெரும்பாலும் நோயாளியைத்தான் போடும். அப்பாவின் பைபாஸ் மகனின் வரலாற்றில் ஏறிவிட்டால், பிறகு அதை எடுப்பது கடினம்: ஒவ்வொரு புதிய குறிப்பும் பழையதைச் சுருக்கி எழுதுவதால் அது பரிந்துரைக் கடிதத்துக்கும், அங்கிருந்து காப்புறுதிப் படிவத்துக்கும் பயணம் போகும். கூட வந்தவர் பேசும்போது இன்னும் சிக்கல். பேசுவோரைக் குரல் கொண்டு பிரிக்கும் வசதி இரண்டு பேருக்கு ஓரளவு வேலை செய்யும். அம்மா, மகள், மருத்துவர், தாதி என்று நாலு பேர் ஒரு சின்ன அறையில் பேசினால் அது தடுமாறும். ‘எனக்கும் கால் மரத்துப் போகுது’ என்று இடையில் சொன்னது மகளா அம்மாவா?

மலேசியாவுக்கே உரிய இன்னொரு காட்சி உண்டு. நோயாளி தமிழில் சொல்வார், தாதி அதை மலாயில் மருத்துவருக்குச் சொல்வார், மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதுவார். மைக் மூன்றையும் கேட்கிறது. ‘ரெண்டு வாரமா’ என்று நோயாளி சொன்னதைத் தாதி ‘சில நாளாக’ என்று சுருக்கினால் இரண்டில் எதை எழுதுவது என்று மென்பொருள் தானாக முடிவெடுக்கும். அது எதை எடுத்தது, ஏன் எடுத்தது என்பது குறிப்பில் தெரியாது. இந்த மாதிரி அறைகளில் ஒரே வழி, கடைசியில் மருத்துவர் தாம் புரிந்துகொண்டதை நான்கு வாக்கியத்தில் ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லி, தாதி அதைத் தமிழில் நோயாளியிடம் சரிபார்ப்பது. குறிப்பு அந்த நான்கு வாக்கியத்தை அடிப்படையாகக் கொள்ளும்படி மென்பொருளை அமைக்கச் சொல்லலாம். பலவற்றில் இந்த வசதி இருக்கிறது. ஏ.ஐ. வந்தாலும் வராவிட்டாலும் இது நல்ல பழக்கம்தான்.

பேச்சோடு பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. பழைய குறிப்புகளைச் சுருக்கித் தரச் சொல்லும்போது இன்னொரு வகைப் பிழை வருகிறது. நம் மருத்துவர்கள் ‘டி.சி.ஏ. 3/12’ என்று எழுதினால் மூன்று மாதத்தில் மறுபடி வர வேண்டும் என்று பொருள். அமெரிக்கக் குறிப்புகளைப் படித்து வளர்ந்த மொழி மாதிரிக்கு (ஏ.ஐ.யை இயக்கும் அடிப்படை மென்பொருளுக்கு) டி.சி.ஏ. என்பது மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஒரு மருந்து வகை. 3/12 என்பது மார்ச் 12. மூன்று மாதத்தில் வரச் சொன்னது, மார்ச் 12-இல் மனச்சோர்வு மருந்து தொடங்கியதாக உருமாறலாம். ‘எச்.பி.டி.’ இங்கே ரத்தக் கொதிப்பு. வெளிநாட்டு ஏடுகளில் பாராதைராய்டு சுரப்பியின் மிகைச் சுரப்புக்கும் அதே எழுத்துகள். ‘2/7’ இரண்டு நாள், ‘1/52’ ஒரு வாரம், ‘கே.ஐ.வி.’ என்றால் தேவைப்பட்டால் பின்னர் பார்க்கலாம், ‘ஏ.ஓ.ஆர்.’ என்றால் மருத்துவரின் அறிவுரையை மீறி நோயாளி தன் பொறுப்பில் வீடு திரும்பினார். இப்படி உங்கள் கிளினிக்கில் புழங்கும் ஐம்பது அறுபது குறிகளைப் பட்டியலிட்டு, பொருளோடு விற்பனையாளரிடம் கொடுங்கள். அவற்றைக் கொண்ட பழைய குறிப்புகளில் பெயரையும் அடையாள எண்ணையும் நீக்கிவிட்டு, சுருக்கித் தரச் சொல்லுங்கள். அரை நாள் வேலை. விற்பனையாளரின் முகத்தில் எவ்வளவு நம்பிக்கை மிச்சமிருக்கிறது என்று அதன் பிறகு பாருங்கள்.

பெரிய அளவில் செய்து பார்த்தவர்களிடமிருந்தும் கற்கலாம். வட கலிபோர்னியாவின் பெர்மனென்ட்டே மெடிக்கல் குரூப் என்ற மருத்துவர் குழு, 2023 அக்டோபரில் தொடங்கி, பத்து வாரத்தில் 3,442 மருத்துவர்கள் 303,266 சந்திப்புகளில் ஏ.ஐ. எழுத்தரைப் பயன்படுத்தியதை 2024-இல் வெளியிட்டது. மருத்துவர்களுக்கும் நோயாளிகளுக்கும் பொதுவாகப் பிடித்திருந்தது, நேரம் மிச்சமானது. பிழைகளையும் மறைக்காமல் எழுதினார்கள். மருத்துவர் புரோஸ்டேட் பரிசோதனைக்கு நாள் குறிப்போம் என்று சொன்னது, பரிசோதனை செய்ததாகப் பதிவானது. நோயாளியின் கை, கால், வாய் ஆகியவற்றில் உள்ள தொல்லைகளைப் பற்றித் தனித்தனியாகப் பேசியது, கை-கால்-வாய் நோய் என்று பதிவானது. நம் நாட்டில் அது அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டிய தொற்றுநோய். அந்த வரி நோயறிதல் பகுதியில் போய் உட்கார்ந்தால், சுகாதார அலுவலகத்திலிருந்து பாலர் பள்ளிவரை தொலைபேசி அடிக்கும்.

2025-இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், ஏ.ஐ. எழுதிய குறிப்புகளின் 12,999 வாக்கியங்களை மருத்துவர்கள் சரிபார்த்ததில் 1.47 விழுக்காடு இட்டுக்கட்டல்; பேசிய வாக்கியங்களில் 3.45 விழுக்காடு விடுபடல். குறைவுதானே என்று தோன்றும். ஒரு குறிப்பில் இருபது வாக்கியம் என்று வைத்தால், பத்து நோயாளிகளின் குறிப்புகளில் நடக்காத செய்தி சுமார் மூன்று இடத்தில் இருக்கும். அது ஆங்கிலப் பேச்சில் கிடைத்த எண். இன்னொன்றையும் கவனியுங்கள்: விடுபடல் இட்டுக்கட்டலைவிட இரு மடங்குக்கு மேல். இல்லாததைச் சேர்த்தால் மருத்துவர் படிக்கும்போது துணுக்குறுவார். இருந்ததை விட்டுவிட்டால் படிப்பவர் கண்ணில் எதுவும் இடறாது.

அதனால்தான் படிக்கும் நேரம் முக்கியம். நோயாளி அறையை விட்டுப் போனதும், அடுத்தவரைக் கூப்பிடுவதற்கு முன், குறிப்பை முடித்துவிட வேண்டும். மாலையில் நாற்பது வரைவுகளை வரிசையாகத் திறந்தால், யார் எதைச் சொன்னார் என்பது நினைவில் இருக்காது. சரளமான ஆங்கிலம் கண்ணை வழுக்கிக்கொண்டு போகும். மேலிருந்து கீழே படிக்கவும் வேண்டாம். முதலில் அடையாள அட்டை எண்ணைப் பாருங்கள். நம் சமூகத்தில் ஒரே பெயர், தந்தை பெயர்கூட ஒன்றாக உள்ளவர்கள் பலர். முந்தைய நோயாளியின் பதிவேடு திறந்திருக்கும்போதே மைக்கை அழுத்திவிடுவது சாதாரணமாக நடக்கும் தவறு. மைகார்ட்டின் 12 இலக்கங்களோடு பொருந்தாமல் ஒலிப்பதிவே தொடங்காதபடி மென்பொருளைப் பூட்டி வைக்கலாம். அடுத்து ஒவ்வாமை. பிறகு மருந்தும் அளவும், இடமா வலமா, எத்தனை நாள், ‘இல்லை’ என்று முடியும் வரிகள், பரிசோதனைப் பகுதி. மீதியை நேரமிருந்தால் படிக்கலாம். நேரம் இல்லையென்றால் மீதியை அழித்துவிடுவது இன்னும் நல்லது: யாரும் படிக்காத அழகான பத்திகள்தான் அடுத்த ஆண்டு நகலெடுத்து ஒட்டப்படும்.

மருந்துப் பட்டியலைப் பேச்சிலிருந்து எடுக்கவே விடக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. ஹைட்ராலசினும் ஹைட்ராக்சிசினும், பிரெட்னிசோலோனும் பிரொப்ரனோலோலும் காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்று. ஆங்கிலத்தில் ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ இரண்டையும் முகக்கவசம் போட்டுச் சொல்லிப் பாருங்கள். மருந்து, அளவு, எத்தனை வேளை ஆகிய மூன்றும் மருந்துச் சீட்டு எழுதும் பகுதியிலிருந்து நேரடியாகக் குறிப்புக்குள் வர வேண்டும். பேச்சில் கேட்டதோடு அது முரண்பட்டால் மென்பொருள் மஞ்சள் நிறத்தில் காட்டட்டும், தானாகத் திருத்த வேண்டாம். நோயாளி வெளியில் வாங்கிச் சாப்பிடும் நாட்டு மருந்து, ஜாமு, வலி மாத்திரை ஆகியவை மட்டும் விதிவிலக்கு. அவை பேச்சில்தான் வெளிவரும், வேறு எங்கும் பதிவாகாது.

சிறிய கிளினிக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு யோசனை. ஒலிப்பதிவு செய்யும் எழுத்தரிலிருந்து தொடங்காதீர்கள். ஏ.ஐ.யின் குறைந்த ஆபத்தும் நிறைந்த பயனும் உள்ள வேலை, எழுதிய குறிப்பைச் சரிபார்ப்பது. நீரிழிவு நோயாளியின் குறிப்பில் கால் பரிசோதனை ஓர் ஆண்டாக இல்லை என்று நினைவூட்டுவது. விழித்திரைப் பரிசோதனைக்கு அனுப்பியதாக எழுதியிருந்தும் முடிவு வரவில்லை என்று காட்டுவது. சிறுநீரக வடிகட்டல் அளவு 30-க்குக் கீழே இறங்கிய பின்னும் நீரிழிவு மருந்தான மெட்ஃபார்மின் தொடர்வதைக் கேள்வி கேட்பது. பென்சிலின் ஒவ்வாமை என்று ஓரிடத்தில் இருக்க, திட்டத்தில் பென்சிலின் வகை மருந்தான ஆக்மென்டின் இருப்பதைச் சுட்டுவது. முந்தைய குறிப்பிலிருந்து அப்படியே ஒட்டிய வரிகளைச் சாம்பல் நிறத்தில் காட்டுவது. இவற்றில் இயந்திரம் தவறினாலும் பொய்யான வரி எதுவும் பதிவேட்டில் ஏறாது; மருத்துவர் ஒரு நினைவூட்டலைத் தள்ளிவிடுவார், அவ்வளவுதான். நினைவூட்டல்கள் மிகுந்துபோனால் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிடுவார்கள் என்பதால், ஒரு நோயாளிக்கு இரண்டு மூன்றுக்கு மேல் காட்டாமல் கட்டுப்படுத்துங்கள்.

மருத்துவமனைகளில் வீடு திரும்பும் நோயாளிக்கான சுருக்க அறிக்கையும் நல்ல தொடக்கம். பத்து நாள் குறிப்புகளைப் படித்து ஒரு பக்கமாக்குவது ஏ.ஐ.க்கு வரும். வராதது, இன்னும் வந்து சேராத பரிசோதனை முடிவுகள் எவை என்று கேட்பது. அதற்கெனத் தனிக் கட்டம் வையுங்கள். ஆய்வுக்கூட முறைமையிலிருந்து அது தானாக நிரம்பட்டும்.

எழுத்தரையே வாங்குவதென்று முடிவானால், சோதனை முறை இதுதான். நோயாளியின் எழுத்துபூர்வ இணக்கத்தோடு முப்பது சந்திப்புகள். பத்து கலப்புத் தமிழில், பத்து மலாயில், பத்து தாதி மொழிபெயர்க்கும் அறையில். மருத்துவர் வழக்கம்போல் தம் குறிப்பை எழுதட்டும், ஏ.ஐ. வரைவை அவர் பார்க்கக் கூடாது. பார்த்தால் அதன் வாசகம் அவர் குறிப்பில் ஒட்டிக்கொள்ளும். பின்னர் தமிழும் மலாயும் தெரிந்த மூன்றாமவர் ஒலிப்பதிவைக் கேட்டு, வரைவை வாக்கியம் வாக்கியமாக எண்ணட்டும்: பேசாததைச் சேர்த்தது எத்தனை, பேசியதை விட்டது எத்தனை, எண்ணோ பக்கமோ மறுப்போ மாறியது எத்தனை, வேறொருவருடையதை நோயாளி மேல் ஏற்றியது எத்தனை. விற்பனையாளர் காட்டும் ‘சொற்பிழை விகிதம்’ இதற்கு ஈடாகாது. நூறு சொல்லில் ஐந்து தவறு என்றால் நன்றாகத்தான் ஒலிக்கும். அந்தக் கணக்கில் ‘அப்புறம்’ என்பதும் ‘இல்ல’ என்பதும் ஒரே எடை. எத்தனை பிழைக்கு மேல் போனால் வாங்குவதில்லை என்பதைச் சோதனைக்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முடிவைப் பார்த்த பிறகு கோட்டை நகர்த்தும் ஆசை எல்லாருக்கும் வரும்.

வாங்கிய பின்னும், மருத்துவர் ஒருவருக்கு மாதம் பத்து குறிப்பாவது எடுத்து இப்படிப் பார்க்க வேண்டும். மென்பொருள் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும், ஏனென்றால் அடியில் உள்ள மொழி மாதிரி மாறினால் பிழையின் வகையும் மாறும். மருத்துவர் வரைவில் எவ்வளவு திருத்துகிறார் என்பதையும் கவனியுங்கள். முதல் மாதம் பத்துக்கு ஏழு வரைவில் கை வைத்தவர் நான்காம் மாதம் ஒன்றில்கூட வைக்கவில்லை என்றால், மென்பொருள் மேம்பட்டிருக்கலாம். மருத்துவர் படிப்பதை நிறுத்தியிருக்கலாம். இரண்டாவதுதான் அதிகம் நடக்கும் என்பது எங்கள் சந்தேகம்.

சில கிளினிக்குகள் குறிப்பின் அடியில் ‘இது ஏ.ஐ. உதவியால் எழுதப்பட்டது, பிழைகள் இருக்கலாம்’ என்று அச்சிடுகின்றன. கையெழுத்துப் போட்டுவிட்டு, நான் படிக்கவில்லை என்று தனியே எழுதிக் கொடுப்பது போன்றது அது. ஒப்புதல் கொடுத்த மருத்துவரின் பொறுப்பை அந்த வரி குறைக்காது. வேண்டியது வேறு: எந்த வாக்கியம் வரைவில் இருந்தது, எதை மருத்துவர் மாற்றினார், எப்போது ஒப்புதல் கொடுத்தார் என்ற தடம் பதிவேட்டில் அழியாமல் இருப்பது. ஒவ்வொரு வாக்கியத்தையும் அழுத்தினால் அது பேச்சின் எந்த இடத்திலிருந்து வந்தது என்று காட்டும் மென்பொருளைத் தேர்ந்தெடுங்கள். தமிழில் பேசியதைத் தமிழிலேயே காட்ட வேண்டும், மொழிபெயர்த்து அல்ல.

தரவு விஷயத்தில் சட்டம் பாதி தூரம்தான் வருகிறது. 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைக் கூருணர்வுத் தரவாக (தனிக் கவனத்தோடு காக்க வேண்டிய தரவாக) வகைப்படுத்துகிறது. ஆனால் அது மத்திய, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்தாது. தனியார் கிளினிக்குகளைக் கட்டுப்படுத்தும். 2024-இல் செய்த திருத்தத்தின் தொடர்ச்சியாக, 2025 ஜூன் 1 முதல், கடுமையான தரவுக் கசிவை 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்கு அறிவிக்க வேண்டும். ஒலிப்பதிவு எந்த நாட்டுச் சேவையகத்தில் செயல்படுத்தப்படுகிறது, எத்தனை நாளில் அழிக்கப்படுகிறது, அதைக் கொண்டு நிறுவனம் தன் மாதிரியைப் பயிற்றுவிக்கிறதா ஆகிய மூன்று கேள்விக்கும் ஒப்பந்தத்திலேயே பதில் இருக்க வேண்டும். விற்பனையாளரின் வாட்ஸ்அப் செய்தி போதாது. மருத்துவர் தம் கைப்பேசியில் உள்ள பொதுப் பயன்பாட்டு ஏ.ஐ. செயலியில் நோயாளியின் விவரத்தை ஒட்டிக் குறிப்பு எழுதச் சொல்வதை இன்றே நிறுத்த வேண்டும். அது நடக்கிறது என்பது துறையில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும்.

நோயாளிகளும் இதில் வெறும் பார்வையாளர்கள் அல்லர். பதிவு வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு; அதற்காகச் சிகிச்சை குறையக் கூடாது. பதிவு செய்தால், ஆம் இல்லை என்பதை வாயால் சொல்லுங்கள். அப்பாவைப் பற்றிப் பேசும்போது ‘அப்பாவுக்கு’ என்று ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். கூட வந்தவர் தம் நோயைப் பற்றி அந்த அறையில் பேச வேண்டாம். கிளம்பும் முன் ஒவ்வாமை, மருந்து, அடுத்து வர வேண்டிய நாள் ஆகிய மூன்றையும் மருத்துவர் திரையைப் பார்த்து வாசிக்கக் கேளுங்கள். அரை நிமிடம் ஆகும்.

கிளினிக்குகள் முகப்பில் ஓர் அறிவிப்பு ஒட்டலாம். ஒட்டினால் மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டுமல்லாமல் தமிழிலும் சீனத்திலும் ஒட்டுங்கள். வாசகம் இவ்வளவு போதும்: ‘இந்த அறையில் உங்கள் பேச்சு குறிப்பு எழுதுவதற்காகப் பதிவு செய்யப்படலாம். வேண்டாம் என்றால் தாதியிடம் சொல்லுங்கள். உங்கள் சிகிச்சை மாறாது. மருத்துவர் குறிப்பைச் சரிபார்த்து ஒப்புதல் கொடுத்த பின், ஒலிப்பதிவு இத்தனை நாளில் அழிக்கப்படும். உங்கள் குறிப்பில் தவறு இருந்தால் திருத்தக் கேட்க இங்கே அணுகவும்.’ நாள் எண்ணிக்கையையும் அணுக வேண்டியவரின் பதவியையும் நிரப்பாமல் ஒட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
மருத்துவப் பதிவுத் துறையிலும் மருந்தகத்திலும் பணியாற்றும் இரு வாசகர்கள்,
பட்டர்வொர்த், பினாங்கு